பெல்ட் பிடிக்கிற வேலை

கையை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைத்தான் சொல்கிறேன். பஸ் ஜன்னல் கம்பிக்கு வெளியே முழங்கை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை. எதிரே வருகிற லாரிக்காரனுக்கு அது யார் முழங்கை என்றெல்லாம் தெரியாது. நன்றி. முன்பின் தெரியாத ஆளிடம் ஏறி உட்கார்ந்ததுமே இப்படிச் சொல்வது மரியாதை இல்லைதான். மரியாதை பார்த்துச் சும்மா இருந்தால் கை போனபிறகு அனுதாபம்தான் சொல்ல முடியும். எனக்கு அனுதாபம் சொல்ல வராது.

தென்காசிக்கா? நானும் தென்காசிக்குத்தான். அப்படியானால் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆலங்குளத்தில் டீக்கு நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நான் போட்டோகிராபர். பெயர் சிதம்பரநயினார். கல்யாண வீட்டுப் படங்கள், முப்பது வருஷமாக. புத்தகம் வாசிக்கிற மாதிரிப் பேசுகிறானே இந்த ஆள் என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்வாள். ஸ்டூடியோவில் ஆள் வராத நாட்களில் அகராதியை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் மாதிரிப் படித்தவன் நான். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இப்போது திருநெல்வேலியில் எலும்பு ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. என் கூட்டாளி உச்சிமாகாளி கால் முறிந்து படுத்திருக்கிறார். வீடியோ எடுக்கிறவர். நான் போட்டோ, அவர் வீடியோ, பத்தொன்பது வருஷமாக ஜோடி. வைகாசிக் கடைசியில் விழுந்தார், இப்போது ஆடி பாதி. ஒரு ஆபரேஷன் சரிவராமல் போன வாரம் இரண்டாவதும் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு நடந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடப்பார், சரி. என்னோடு நடப்பாரா? இனிமேலும் நாங்கள் ஜோடியா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்றைக்குப் போனேன்.

பதில் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். முதலில் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும். நடந்தது தெரியாமல் கருத்துச் சொல்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. எங்கள் போட்டோகிராபர் சங்கத்தில் அப்படி நாற்பது பேர் இருக்கிறார்கள்.

உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்? இருபத்திரண்டா? தப்பித்தீர்கள். இப்போதெல்லாம் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்துவிடாது. பாறைமேல் ஏற வேண்டும். அவுட்டோர் என்று அதற்குப் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பிறந்ததிலிருந்து ஒரு வரப்பில்கூட நடக்காத பெண்ணுக்குப் பந்தல் துணி அளவுக்கு ஒரு கவுனை மாட்டி, அருவியின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தி, "இயல்பா சிரிம்மா" என்பார்கள். அந்தக் கவுன் நனைந்தால் நெல் மூட்டைக் கனம் கனக்கும். அதை எடுத்துச் சொன்னால், "சார், நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்க" என்பார்கள். தண்டவாளத்தில் உட்காருவார்கள். அணைக்கட்டுச் சுவரில் கைகோத்து நடப்பார்கள். ஒரு மாப்பிள்ளை, மலைத்தேன் கூட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு கலர்ப் புகை போடச் சொன்னார். தேனீக்களுக்கும் அதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முகத்து வீக்கம் இறங்க ஒன்பது நாள் ஆனது. ஆல்பத்தில் அவரைப் பக்கவாட்டிலேயே வைத்துச் சமாளித்தோம்.

இதில் எங்கள் பாடு என்னவென்று யாரும் யோசிப்பதில்லை. எங்கள் தொழிலில் முக்கால்வாசி, பின்னால் நடப்பது. மணமக்கள் நடந்து வருவார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தபடியே பின்னுக்குப் போவோம். கண் கேமராவில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. படிக்கட்டு இருக்கலாம். கிணறு இருக்கலாம். அந்தோணிசாமி என்று எங்கள் சங்கத்துக்காரர், சாம்பார் அண்டாவுக்குள் உட்கார்ந்தார்.

அதற்காகத்தான் பெல்ட் பிடிக்கிறது. ஒருவர் பின்னால் நடந்து எடுத்தால், இன்னொருவர் அவருக்குப் பின்னால் நின்று, முதுகுப் பக்கம் பெல்ட்டுக்குள் இரண்டு விரலை விட்டுக் கொக்கி மாதிரி மடக்கிக்கொள்வார். அப்புறம் எல்லாம் விரல்தான் பேசும். ஒரு இழுப்பு இழுத்தால் நிற்க வேண்டும். மேலே தூக்கினால் படி. இடது பக்கம் அழுத்தினால் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். வாயால் பேசக் கூடாது, வீடியோவில் பதிந்துவிடும். மாகாளிக்கு நான் பிடிப்பேன். எனக்கு மாகாளி பிடிப்பார். அப்படியே பத்தொன்பது வருஷம்.

நல்ல பிடி அவருடையது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை மாப்பிள்ளை அழைப்பில் சரவெடி ஒன்று சுழன்று வந்து அவர் காலடியில் வெடித்தது. நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். கோயில் வாசல் வரைக்கும் விரல் அசையவில்லை. அப்புறம் பார்த்தால் புறங்கால் முழுக்கக் கொப்புளம். ஏன் தெரியுமா? மனிதர் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்! மூடின ஷூ போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மறுநாளே உட்கார்ந்து அதை ஒரு விதியாக எழுதினேன்.

அப்படித்தான் என் புத்தகம் வளர்ந்தது. 'வெளியிடப் படப்பிடிப்பில் உடல்நலமும் பாதுகாப்பும்: நாற்பத்தொரு விதிகள்'. சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. ஒவ்வொரு விதிக்கும் கீழே, அது யாரால் வந்ததோ அவர் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். அறிவைத் தந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் இல்லையா? அண்டா விதி அந்தோணிசாமிக்கு. ஷூ விதி உச்சிமாகாளிக்கு. அந்தோணிசாமி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர்.

சங்க ஆண்டு விழாவில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். என்ன செய்தார்கள் தெரியுமா? பந்தியில் உளுந்த வடையை வைத்து எண்ணெய் ஒற்றினார்கள். என் கண்ணெதிரே. எண்ணெய் ஊறின பிறகும் எழுத்துப் பளிச்சென்று தெரிந்தது, அச்சு அவ்வளவு சுத்தம். இதில் கேலி வேறு. "வே, பாதுகாப்புச் செயலாளர் வாராரு, வெத்தல போடலாமான்னு கேட்டுக்கிடுங்க. சுண்ணாம்புக்கு என்ன விதின்னு தெரியல." ஆமாம், நான்தான் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். அந்தப் பதவியை உண்டாக்கச் சொன்னவனும் நான்தான். போன மாதம் வரைக்கும் இருந்தேன்.

மாகாளி மட்டும் சிரிக்க மாட்டார். படிக்கவும் மாட்டார். "நீரு எளுதியிருக்கீரு, நீரு கூட இருக்கீரு. நான் எதுக்குவே படிக்கணும்?" என்பார். இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

மலையடிவாரத்தில் ஆனைச்சுனை என்று ஓர் இடம். உங்களுக்குத் தெரியாதா? தெரியாமலே இருக்கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் சொர்க்கம். கிட்டப் போனால் ஷாம்பூ காகிதம், உடைந்த பாட்டில், யாரோ அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன உள்ளாடை. பாறையிடுக்கில் பிள்ளைகளுக்கு மாட்டுகிற டயப்பர் ஒன்று தண்ணீர் குடித்துப் பலாக்கொட்டை மாதிரி ஊதிப்போய்க் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி மணப்பெண் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் யோசனை. "இயற்கையோட ஒண்ணாக் கலக்கிற மாதிரி ஒரு ஃபீல் வேணும் சார்." நான் சொன்னேன், "கலக்கலாம் தம்பி, அதுக்கு முன்னால கொஞ்சம் பெருக்கிக்கிடுவோமா?" பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

என் பக்கத்தில் குறை சொல்ல முடியாது. நான் அன்று விடிந்ததும் முதல் ஆளாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டேன். பாசி பிடித்த பாறைகளில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன். அந்த டயப்பரையும் நான்தான் ஒரு குச்சியால் தூக்கி அப்புறப்படுத்தினேன். அன்றைக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை. ஒன்பது மணிக்குச் சாரல் விழுந்து சாக்பீஸ் எல்லாம் கரைந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்வேன்?

கடைசியாக ஒரு நடை எடுக்க வேண்டியிருந்தது. மணமக்கள் பாறைமேல் கைகோத்து வருவார்கள், இரண்டு பக்கமும் ஊதாப் புகை. மாகாளி கேமராவோடு பின்னால் நடக்கிறார். நான் பெல்ட்டைப் பிடித்திருக்கிறேன். பாறை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும், இன்னும் பத்தடி இருந்தது.

அப்போதுதான் அந்தச் சித்தப்பாவைப் பார்த்தேன். பெண்ணின் சித்தப்பா. லாரி செட் வைத்திருக்கிறவர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, பாசிப் பாறையின் விளிம்பில் ஏறி நின்று, செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, செருப்பக் கழத்திட்டு நில்லுங்க," என்றேன்.

வீடியோ ஓடும்போது பேசக் கூடாதுதான். உயிருக்கு ஆபத்து என்றால் பேசலாம். அதற்கும் விதி இருக்கிறது, விதி நான்கு.

"எதுக்கு?" என்றார்.

"பாசி. வழுக்கிரும்."

"நான் மூணு வயசுலேர்ந்து இந்தப் பாறையில ஏறி எறங்குதேன். எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டீரு. உம்ம சோலியப் பாரும்."

"அண்ணாச்சி, இதுக்கு விதி இருக்கு."

"விதியா? எதுல போட்டிருக்கு? காட்டும் பாப்போம்!"

காட்டும் பாப்போம். உங்களிடம் ஒருவர் அப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? புத்தகம் அச்சாகி இத்தனை வருஷத்தில் அதைக் காட்டச் சொல்லி யாருமே கேட்டதில்லை. முதல் ஆள் கேட்கிறார், விளிம்பில் நின்றுகொண்டு கேட்கிறார். புத்தகம் சட்டைப் பையில் இருந்தது. எடுக்க ஒரு கை போதும். பக்கம் புரட்ட இரண்டு கை வேண்டும். அது யார் குற்றமும் இல்லை, புத்தகத்தின் அமைப்பே அப்படி. பெல்ட்டை விட்டேன். சித்தப்பா பக்கம் ஓரெட்டு ஒதுங்கிப் பதினோராம் பக்கத்தை எடுத்தேன். உரக்கப் படித்தேன். "விதி ஒன்பது. ஈரப் பாறையில் காலணியுடன் நிற்பது உயிருக்குக் கேடு. பார்வையாளர்களுக்கும் இது பொருந்தும்." அரை நிமிஷம் இருக்கும். அவ்வளவுதான்.

படித்து முடித்துத் திரும்பினேன். மணமக்கள் நின்றுவிட்டார்கள். புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. மாகாளியைக் காணவில்லை.

பாறையிடுக்கில் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. வலது கை மட்டும் மேலே நீண்டு கேமராவை ஏந்திக்கொண்டிருந்தது. "வே, இத வாங்கும்," என்றார். அதுதான் முதல் வார்த்தை. கேமராவில் ஒரு கீறல் இல்லை. எனக்குச் சொல்ல முடியாத கோபம். கேமராவை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருந்தால் கால் தப்பித்திருக்கும். விதி மூன்று, கருவியைவிட உடல் பெரிது. அட்டையைத் திறந்தால் கண்ணில் படுகிற பக்கம். அதைக்கூடப் படிக்காமல் ஒரு மனிதர் தொழில் செய்கிறார்.

அந்தச் சித்தப்பா என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? முதலில் குதித்து இறங்கினவர் அவர்தான். மாகாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தவரும் அவர்தான். ஆனால் இறங்குவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கினார். நான் கவனித்தேன். விதி வேலை செய்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்றுதான் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே போனால், கேமரா ஓடிக்கொண்டே இருந்ததாம், அதைத் திரையில் போட்டார்கள். முதலில் மணமக்கள் வருகிறார்கள், புகை வருகிறது. பின்னணியில் என் குரல், "விதி ஒன்பது". அப்புறம் படம் ஆடுகிறது, வானம் தெரிகிறது, ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அப்புறமும் என் குரல் தொடர்கிறது. "பார்வையாளர்களுக்கும் இது பொருந்தும்." உச்சரிப்பு தெளிவாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நாற்பது பேரும் அன்றைக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. நடிப்பு. பாதுகாப்புச் செயலாளர் பதவியை எடுத்துவிட்டு, கேரம் போட்டி நடத்துகிற பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

போகட்டும். எனக்கு மாகாளி முக்கியம். இந்த ஒன்றரை மாதத்தில் ஏழு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஆவுடைத்தங்கம் வெளியே வந்து, "இப்பத்தான் அண்ணாச்சி கண்ணசந்தாக," என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். பீடி சுற்றுகிற பெண், எனக்குத் தங்கை மாதிரி. இன்றைக்குத்தான் முழித்திருந்தார். கதவு திறந்து கிடந்ததால் நேரே உள்ளே போய்விட்டேன்.

"வாரும். இரும்," என்றார்.

வெறுங்கையோடு போகவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எல்லோரும் கொண்டுபோவார்கள். நான் இரண்டாம் பதிப்பின் அச்சுப் படியைக் கொண்டுபோயிருந்தேன். அதில் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறேன், நாற்பத்திரண்டு. அவர் கையில் கொடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். 'பெல்ட் பிடிக்கப்படுகிறவர், தம் பெல்ட் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்பதை நான்கு அடிக்கு ஒரு முறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.' அடியில், அடைப்புக்குறிக்குள், உச்சிமாகாளி. புத்தகத்திலேயே இரண்டு விதிக்குப் பெயர் உள்ளவர் அவர் ஒருவர்தான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

மெதுவாகப் படித்தார். என் புத்தகத்தை அவர் படித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"அப்பம் தப்பு எம்மேலயா வே?" என்றார்.

"தப்புன்னு அதுல எங்க இருக்கு? பாரும். விதியில அப்படி ஒரு சொல்லே கெடையாது."

தலையணைக்குப் பக்கத்தில் அவர் போன் கிடந்தது. அந்த வீடியோவை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். "நாப்பது அம்பது தடவ பாத்துட்டேன்," என்றார். "நீரு கைய எடுத்த பொறவு நாலு எட்டு வச்சிருக்கேன் வே. கூசாம. நாலு எட்டு."

"அதத்தான் நானும் சொல்லுதேன். கை எடுத்தா ஒடம்புக்குத் தெரியாதா?"

"பத்தொம்பது வருசமா ஒம்ம கை அங்கன இருக்கு. இல்லாட்டியும் இருக்க மாதிரிதான் இருக்கும்."

ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நயினாரு, ஒரே ஒரு வார்த்த சொல்லும். விட்டுட்டேன்னு சொல்லும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் விட்டது உண்மைதான். உங்களிடம் எவ்வளவு நேராகச் சொன்னேன், பார்த்தீர்கள். மறைக்கிற ஆளா நான்? ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டுட்டேன் என்று மட்டும் சொன்னால், ஏதோ வேடிக்கை பார்த்துக்கொண்டு விட்டதாக ஆகிவிடாதா? அது அரைகுறைத் தகவல். அதனால் முதலில் சித்தப்பா நின்ற இடம், பாசியின் தன்மை, அவர் கேட்ட கேள்வி, பதினோராம் பக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கும் வந்திருப்பேன். வருவதற்குள் மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளேட் வைத்த காலோடு திரும்புவது அவ்வளவு லேசு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஐப்பசிக்கு வருவீருல்லா?" என்றேன்.

முதுகு. அவ்வளவுதான். எட்டாவது தடவையாகப் பஸ் ஏறி வந்தவனுக்கு முதுகைக் காட்டுகிறார்.

எழுந்து வெளியே வந்தேன். ஆவுடைத்தங்கம் பின்னாலேயே வந்தாள். காபிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கையில் என் புத்தகம் இருந்தது.

"அண்ணாச்சி, பெல்ட்ட எப்படிப் பிடிக்கணும்னு எனக்குச் சொல்லித் தாங்க," என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா?"

"ஐப்பசியில இவிய வேலைக்குப் போகும்போது நானும் போகப்போறேன். பீடிச் சோலிய விட்டுருதேன். நான்தான் பிடிக்கப்போறேன்."

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. முப்பது வருஷத்தில் என்னிடம் வந்து, சொல்லித் தாங்க என்று கேட்ட முதல் ஆள் அவள். அவள் என்ன சொன்னாள் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அதற்குள் நான் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தா நல்ல நீளம். டைல்ஸ் தரை. "எனக்குப் பின்னால நில்லும்மா," என்றேன். "நடு முதுகுல, பெல்ட்டுக்குள்ள ரெண்டு விரல விடு. மடக்கு. அப்படித்தான். இப்பம் நான் பின்னால வருவேன். நீயும் பின்னால போகணும், ஆனா உன் பார்வை போற வழியில இருக்கணும்." பீடி சுற்றின விரல், கொக்கி மாதிரி விழுந்தது. மாகாளியின் பிடியைவிட நல்ல பிடி. கேமரா இருப்பது மாதிரிக் கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாதி தூரம் போயிருப்போம். மருந்துக் கடை ஜன்னலிலிருந்து ஒருத்தி கத்தினாள், "பதினாறாம் நம்பர் ரூம் யாரு? உச்சிமாகாளி ஆளு யாரு? சீட்ட வந்து வாங்குங்க!" இரண்டு தடவை கத்தினாள். இவள் விரல் அசையவில்லை. அந்த ஜன்னலுக்குத் திரும்பக்கூட இல்லை என்பது பெல்ட்டிலேயே எனக்குத் தெரிந்தது. இன்னும் நாலடி போனதும் ஒரு இழுப்பு. நின்றேன். என் முதுகை உரசுகிற மாதிரி ஸ்ட்ரெச்சர் வண்டி ஒன்று குறுக்கே போனது. முதல் நாளிலேயே! நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பேன்.

"அண்ணாச்சி," என்றாள் பின்னாலிருந்து.

"சொல்லும்மா."

"யாரு கூப்பிட்டாலும் விடக் கூடாது. அப்படித்தான?"

"ஆமா."

"காலு சுட்டாலும்?"

"விடக் கூடாது."

"புஸ்தகம் வாசிக்கிறதுக்கு?"

நான் திரும்ப முடியாது. பெல்ட் அவள் கையில் இருக்கிறது. அவள் எந்த முகத்தோடு கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. குரலில் கோபம் இல்லை, அதை நிச்சயமாகச் சொல்லலாம். எதிரே சுவரில், காய்ச்சல் உள்ளவர்கள் செய்ய வேண்டியது என்று ஒரு அட்டை தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூடாது," என்றேன்.

"அப்பம் சரி அண்ணாச்சி," என்றாள்.

கையை எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். எடுக்கிறேன் என்று ஒரு சொல். அதற்கும் விதி இருக்கிறது. அவள் சொல்லவில்லை. பதினாறாம் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் அங்கே கை இருப்பது மாதிரித்தான் இருந்தது.

நல்ல சமதளம் ஐயா, டைல்ஸ் தரை. சும்மா நின்றேன். ஒரு நர்ஸ் வந்து, "சார், ஏன் நடுவழியில நிக்கீங்க? அந்தப் பக்கம் ஒதுங்குங்க," என்றாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.